ஒரே ஒலிப்பதிவு, நாலு விலை

ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி கோர்சகோவின் ஷெஹெரசாட் என்ற வாத்தியக்குழு இசையை ஃபிரிட்ஸ் ரைனர் நடத்த, சிக்காகோ சிம்பனி இசைக்குழு வாசித்த பதிவு ஒன்று இருக்கிறது. 1960 பெப்ரவரியில் ஆர்சிஏ நிறுவனம் அதை மூன்று தடக் காந்த நாடாவில் பதிந்தது. அந்த ஒரே நாடாவிலிருந்து வந்த கனத்த எல்பி (ஊசி வைத்துக் கேட்கும் பெரிய வினைல் தட்டு), எஸ்ஏசிடி (சீடியைவிட அதிகத் தகவல் கொள்ளும் தட்டு), சாதாரண சீடி, இணையத்தில் கேட்கும் கோப்பு எல்லாமே இன்றைக்குக் கிடைக்கின்றன. விலைதான் மலைக்கும் மடுவுக்கும். திருகோணமலையில், டச்சுக்குடாக் காற்று நேரே உள்ளே வரும் வீட்டில் கேட்கிற ஒருவர் இதில் எதற்குக் காசு கொடுக்கலாம்?

என் அபிப்பிராயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். எந்த மண்டபம், மைக் எங்கே, யார் வாசித்தார் என்பதெல்லாம் அன்றைக்கே முடிந்த விஷயம். அதற்குப் பிறகு ஒலியைக் கூட்டுவதோ கெடுப்பதோ, அந்த நாடாவைத் தட்டுக்கு மாற்றியவரின் கை. பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்களுக்கு மூன்றாம் இடம்தான்.

எல்பியிலிருந்து தொடங்குவோம். நல்ல மறுபதிப்பு ஒன்று 35 டொலருக்கு மேல். டொலர் 300 ரூபா என்று வைத்தாலே பத்தாயிரத்து ஐந்நூறு, தபால் செலவும் வரியும் தனி. 2022இல் டொலர் சில மாதங்களுக்குள் 200இலிருந்து 360க்குப் போனபோது, அதே தட்டு அதே இசையோடு எங்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலையாகிவிட்டது. அப்புறம் எங்கள் ஊரின் ஈரம். மாரி தொடங்கி மூன்றாம் கிழமையில் உறையைத் திறந்தால் அட்டையின் உள்மடிப்பில் வெள்ளைப் புள்ளிகள். தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் வரிப்பள்ளங்களுக்குக் குறுக்கே பூஞ்சை சாம்பல் நூல் மாதிரி ஓடியிருக்கும். காய்ச்சி வடித்த தண்ணீரும் மெல்லிய பிரஷுமாக ஒரு தட்டைக் கழுவிக் காயவைக்க அரை மணித்தியாலம் போய்விடும்.

இத்தனைக்கும் எல்பியை நான் வெறுக்கவில்லை. மாமாவிடம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் 78 சுழற்சித் தட்டு ஒன்று இருந்தது. இரைச்சலுக்குள்ளிருந்து அந்த நாதஸ்வரம் எழும்போது வீடே அடங்கிவிடும். ஆனால் டிஜிட்டல் கலக்காமல் 'முழுக்க நாடாவிலிருந்தே' என்ற வார்த்தைக்காகக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் 125 டொலர் வரை விற்ற எல்பிகளுக்கும், நாடாவிலிருந்து தட்டுக்குப் போகும் வழியில் டிஜிட்டல் கட்டம் ஒன்றைப் பயன்படுத்தியது 2022இல் வெளியே வந்தது. அதுவரை அந்தத் தட்டுகளின் ஒலியைப் புகழாத ரசிகர் குறைவு. டிஜிட்டல் அவர்கள் காதில் குத்தவேயில்லை.

சரி, எஸ்ஏசிடியா சாதாரண சீடியா? சீடி 1982இல் சந்தைக்கு வந்தது: 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ், அதாவது ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக வைப்பது. எஸ்ஏசிடி 1999இல், பல மடங்கு அதிகத் தகவலோடு வந்தது. 2007இல் மேயர், மொரான் என்ற இருவர் எஸ்ஏசிடி ஒலியை நேராகவும், சீடித் தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 தடவையில் 276 தடவைதான் சரியான விடை வந்தது. நாணயம் சுண்டினாலும் அவ்வளவுதான் வரும். 2016இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஜோஷுவா ரைஸ், சரியான விடை 52.3 சதவீதம் என்றார். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் மயிரிழை.

வீட்டில் நானும் செய்து பார்த்தேன். ஷெஹெரசாட் தொடக்கத்தில் பித்தளை வாத்தியங்கள் கர்ஜித்து ஓய்ந்ததும், ஹார்ப் மெல்ல மீட்ட, சிட்னி ஹார்த்தின் தனி வயலின் உயரத்துக்கு ஏறும் இடம். ஒலியளவைச் சமப்படுத்தி, ஒரே தட்டிலிருக்கும் எஸ்ஏசிடி அடுக்கையும் சீடி அடுக்கையும் மருமகனுக்குப் போட்டுக் காட்டினேன். மூன்று தடவை கேட்டுவிட்டு, "ரெண்டும் ஒண்டுதானே மாமா" என்றான். பிறகு மேலே சுற்றிய ஃபேனை நிறுத்தினோம். ஹார்ப்பின் கடைசி அதிர்வு அடங்குவது அப்போதுதான் இருவருக்கும் கேட்டது. பத்து ரூபாச் செலவில்லாமல் கிடைத்த முன்னேற்றம் அது.

அப்படியென்றால் எஸ்ஏசிடி வீணா? இல்லை. 2004இலிருந்து ஆர்சிஏவின் பழைய பதிவுகள் இப்படி இரண்டு அடுக்குமுள்ள கலப்புத் தட்டாக, மலிவு விலையிலேயே வந்தன. பழைய நாடாவைக் கவனமாக மாற்றியிருக்கிறார்கள், சாதாரண சீடி பிளேயரிலும் ஓடும். பழையதாகக் கிடைத்தாலும் வாங்கலாம். ஒன்றிரண்டு போதாது என்பவர்களுக்கு அதே வரிசை 60 சீடிப் பெட்டியாகவும் வந்தது. பெட்டி விலையைத் தட்டுக்குத் தட்டு பிரித்துப் பார்த்தால், எல்பி ஒன்றின் விலைக்கு ஒரு சின்ன நூலகமே கைக்கு வந்துவிடும்.

இணையச் சந்தா இன்னும் மலிவு. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனிலிருந்து இழப்பில்லா ஒலியை, அதாவது கோப்பைச் சுருக்கினாலும் தகவல் தொலையாத ஒலியை, கூடுதல் கட்டணமின்றித் தருகிறது. ஆனால் புளூடூத் ஹெட்போனில் கேட்டால் அந்தத் தரம் காதுக்கு வராது, வயர் வேண்டும். கேட்டுத் தெரிவுசெய்யச் சந்தா, வைத்திருக்கச் சீடி என்பதுதான் என் வழக்கம்.

முழு விலையும் கொடுத்து வாங்கச் சொல்வேன் என்றால், வாட்டர் லிலி அகூஸ்டிக்ஸ் என்ற சின்ன ஒலிப்பதிவு நிறுவனத்தின் பதிவுகளைத்தான். அந்த நிறுவனத்தை நடத்தியவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். கலிபோர்னியாவில் ஒரு தேவாலயத்துக்குள், பழைய பாணி வால்வு (வெற்றிடக் குழாய்) கருவிகளோடு, மோகன வீணைக் கலைஞர் விஷ்வ மோகன் பட்டையும் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடரையும் வைத்து அவர் பதிந்த இசை 1994இல் கிராமி வாங்கியது. இருவரும் அதற்கு முன் சேர்ந்து வாசித்ததில்லை. சுத்தமான சாஸ்திரிய இசை அல்ல, தெரியும். ஆனாலும் ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்டால் தந்தியில் உலோகம் வழுக்கும் சத்தமும், அந்தத் தேவாலயத்தின் கூரை எவ்வளவு உயரம் என்பதும் தெரிகிறது. அதைச் சீடியில்தான் வைத்திருக்கிறேன்.