ஐம்பது குஞ்சுப் புரூடர் பெட்டி: மலைக்குளிருக்குத் தாங்குமா?

நீலகிரியில் நாட்டுக்கோழி வளர்க்கிறவர்கள் வாங்கும் சிறிய புரூடர் இது, அதாவது பொரித்த குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் பெட்டி. தகரப் பெட்டி, இரண்டு 100 வாட் குண்டு பல்பு, சூட்டைப் பார்த்துப் பல்பை ஏற்றி அணைக்கும் ஒரு தெர்மோஸ்டாட். பெயரைப் பார்த்து முட்டை வைக்கலாம் என்று வாங்கிவிடாதீர்கள். முட்டைக்கு 21 நாளும் 37.5 டிகிரி ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும், அதற்கு இன்குபேட்டர்தான்.

குழப்பம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'புரூட்' என்றால் ஒரே அடையில் பொரித்த குஞ்சுக் கூட்டம். முட்டைமேல் அடை உட்கார்வதும், பொரித்த குஞ்சுகளை இறக்கைக்குள் அணைப்பதும் அதே சொல்தான். ஒரே கவலையை மனதுக்குள் வைத்துக் குமைவதையும் அப்படியே சொல்வார்கள். இனப்பெருக்கத்தைச் சொல்லும் 'பிரீட்' இதற்கு உடன்பிறப்பு. இரண்டும் பழைய ஜெர்மானிய வேரிலிருந்து வந்தவை, அந்த வேரின் பொருள் சூடு. நம் 'அடை' முட்டையோடு முடிந்துவிடுகிறது. பெட்டி செய்வதோ அதற்குப் பிந்தைய வேலை: தாய்க்கோழியின் இறக்கைச் சூடு.

அந்தச் சூட்டில்தான் குறை. தெர்மோஸ்டாட்டின் சென்சார் பல்புக்குப் பக்கத்தில், கூரையில் ஒட்டியிருக்கிறது. மேலே 35 டிகிரி வந்ததும் பல்பு அணைகிறது. கீழே குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்குகின்றன. குளிர்பட்ட குஞ்சின் பின்புறத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்துக்கொள்ளும், கவனிக்காவிட்டால் செத்துவிடும். ஒயரை இறக்கி, சென்சாரைக் குஞ்சின் முதுகு உயரத்தில், தரையிலிருந்து 5 செ.மீ. மேலே கட்டுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

தகரத் தரையும் சூட்டை உறிஞ்சும். சாக்கு விரித்து, மரத்தூள் அல்ல, இழைப்புச் சுருள் 5 செ.மீ. போடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், வழுக்கி, கால் அகன்றுவிடும்.

முதல் வாரம் 35, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். சமவெளியில் நாலாவது வாரம் பெட்டியை எடுத்துவிடுவார்கள். இங்கே இறகு முழுசாக மூடும்வரை வைத்திருங்கள். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளே சரியாகச் சொல்லும்: பல்புக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்தில் வாய்பிளந்து நின்றால் சூடு, பரவிப் படுத்தால் சரி.

குளிருக்குப் பயந்து காற்றுத்துளையை அடைப்பது பெரிய தப்பு. ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்து மூச்சுக்கோளாறு வரும். பல்பு போனால் எல்இடி மாட்டாதீர்கள், வெளிச்சம்தான் வரும்.

குன்னூருக்கு இந்தப் பெட்டி போதும். ஜனவரி இரவில் உறைபனி விழும் ஊட்டிக்கு 250 வாட் இன்ஃப்ராரெட் விளக்கு ஒன்று கூடவே வேண்டும். கரண்ட் போகும் இரவுகளுக்கு வெந்நீர் பாட்டில் இரண்டைச் சாக்கில் சுற்றித் தயாராக வையுங்கள்.