மலை ஏறுகிற வண்டிக்கு எந்த ஆன்டெனா? கடைச் சரக்கு மூன்று, லேத் பட்டறைக் கம்பி ஒன்று

என் பொலிரோ கூரையின் நடுவில் நிற்கிற கம்பியைப் பார்த்து, "இது எந்தக் கம்பெனி, எங்கே வாங்கினீங்க?" என்று கேட்காத அமெச்சூர் ரேடியோ நண்பர் இல்லை. கம்பெனி எதுவும் இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் செய்தது. கடையில் வாங்கிய மூன்றை இதே வண்டியில் வைத்து ஏற்காடு ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதில் வந்து நின்றேன். 28 மெகாஹெர்ட்ஸிலிருந்து 54 வரைக்குமான பகுதியை, அதாவது வி.எச்.எஃபின் அடிமட்டத்தையும் அதற்குச் சற்றுக் கீழேயும், வண்டியில் போகும்போது கேட்க ஆசைப்படுகிறவர்களுக்காக நான்கைப் பற்றியும் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வார்த்தை. ஸ்கேனரை வாங்கி வைத்துக்கொண்டு அகப்பட்டதையெல்லாம் கேட்க நம் நாட்டில் யாருக்கும் உரிமை கிடையாது. மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவான டபிள்யூ.பி.சி. நடத்தும் தேர்வை எழுதி அமெச்சூர் லைசென்ஸ் வாங்குங்கள். நான் கேட்பது 28 முதல் 29.7 வரையுள்ள பத்து மீட்டர் பேண்டும், 50-க்கு மேலே உள்ள ஆறு மீட்டர் பேண்டும்தான். ரேடியோ ஐகாம் 7000.

மலைக்காரனுக்கு இந்த அடிமட்ட பேண்ட் ஏன் முக்கியம் என்றால், அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சேலம் சூரமங்கலத்து நண்பருடன் 145 மெகாஹெர்ட்ஸில், அதாவது இரண்டு மீட்டர் பேண்டில், பேசிக்கொண்டே ஏறினால், வண்டி வளைந்து மலை குறுக்கே வந்ததும் அவர் குரல் பட்டென்று அறுந்துபோகும். 50-இல் அப்படி அறுவதில்லை. தேயும், இரைச்சல் ஏறும், ஆனாலும் பேச்சு புரியும். ஆறு மீட்டர் நீள அலை முகட்டைத் தாண்டி வளைந்து இறங்குகிற அளவுக்கு இரண்டு மீட்டர் அலை இறங்காது. மலையும் பாலைவனமுமாகக் கிடக்கிற கலிஃபோர்னியாவில் நெடுஞ்சாலைப் போலீஸ் பல பத்தாண்டுகளாக 40 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததை நினைத்துப் பாருங்கள்.

சிக்கல் நீளத்தில்தான். 75-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலை நீளம் மீட்டரில் கிடைக்கும். கம்பியாக வெட்டும்போது அதில் நூற்றுக்கு ஐந்து குறைத்துக்கொள்ள வேண்டும். 145-க்கு அரை மீட்டர் போதும். 50-க்கு ஏறத்தாழ 1.42 மீட்டர். 28.4-க்கு இரண்டரை மீட்டர்! கடையில் விற்கிற எல்லாமே இந்த நீளத்தோடு செய்துகொண்ட ஏதோ ஒரு சமரசம்தான்.

முதலில் வாங்கியது பம்பரில் மாட்டுகிற 102 இஞ்ச் எவர்சில்வர் விப், அதாவது வளைந்து கொடுக்கிற ஒற்றைக் கம்பி. இது 27 மெகாஹெர்ட்ஸ் சிட்டிசன் பேண்டுக்காக உண்டானது. பத்து மீட்டரில் அனுப்பவும் கேட்கவும் இதற்கு ஈடு எதுவும் இல்லை. காயில் (கம்பிச் சுருள்) கிடையாது, அதனால் வருகிற இழப்பும் கிடையாது. ஆனால் வண்டியின் ஒரு மூலையில் நிற்பதால் சிக்னல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வராது. இடது பின்மூலையில் மாட்டினால் வலது முன்பக்கத் திசைதான் பலமாகக் கேட்கும், ஏனென்றால் வண்டியின் உடம்பு அந்தப் பக்கமாகத்தான் நீண்டு கிடக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் நண்பரின் குரல் ஏறி இறங்குவதை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். இதைவிடப் பெரிய விஷயம் உயரம். நுனி தரையிலிருந்து மூன்று மீட்டரைத் தாண்டி நிற்கும். எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் போகிற கரண்ட் கம்பிகள் சில இடத்தில் தொய்ந்து தொங்குகின்றன. அந்தப் பாதைகளில் இதை நிமிர்த்தி வைத்து ஓட்டவே கூடாது. மடக்கிக் கட்டினால் கேட்கும் தன்மை கெட்டுவிடும்.

இரண்டாவது, காந்த அடியில் நிற்கும் டெலஸ்கோப் ஆன்டெனா. 25 முதல் 1300 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லாம் கேட்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. வளைவில் காந்தம் நகர்ந்தது, மலைப் பனியில் அதன் அடியில் ஈரம் தங்கிப் பெயின்ட்டில் வட்டமாகத் தழும்பு விழுந்தது, மூட்டுகள் ஆட ஆடச் சடசடவென்று சத்தம். காந்த அடிக்கும் கூரைத் தகட்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது, பெயின்ட்டுக்கு மேலே கெபாசிட்டர் மாதிரிதான் ஒட்டியிருக்கிறது. 145-இல் அது போதும், 28-இல் போதாது. துணி ஹூடு போட்ட ஜீப்புக்கு யோசிக்கவே வேண்டாம், ஒட்டவே இடமில்லை. வாங்காதீர்கள்.

மூன்றாவது, அடியில் காயில் வைத்துக் குட்டையாக்கிய ஆறு மீட்டர் விப். தகட்டில் ஓட்டை போட்டு மாட்டுகிற என்.எம்.ஓ. அடிப்பாகம், கூரையில் முக்கால் இஞ்ச் ஓட்டை. சொன்னதைச் செய்கிற நல்ல சரக்கு. ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டுகிற உயரம்தான், கிளை தட்டினாலும் வளைந்து நிமிர்ந்துவிடும். அனுப்பும்போதுதான் காயில் தன் குறுகிய மனசைக் காட்டும்: நீளம் வெட்டி வைத்த அலைவரிசையிலிருந்து கொஞ்சம் நகர்ந்தாலே, ஆன்டெனாவில் ஏறாமல் திரும்பி வருகிற சக்தியைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறும். கேட்பதற்கு மட்டும் என்றால் அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

அந்த ஓட்டை போடுவதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் போன டிங்கர் கடை அண்ணனும் முதலில் தயங்கினார். "கூரையில ஓட்டை போட்டா வண்டி வித்தாப் போகாதுங்க சார், யோசிச்சுக்குங்க." ஆன்டெனாவை எடுத்தால் அந்த ஓட்டை மூடியால் அடைபட்டுவிடும் என்று அவரிடம் காட்டிய பிறகு, உள்கூரைத் துணியை மடிப்பு விழாமல் இறக்கி, குறுக்குச் சட்டம் ஓடாத இடமாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தார். தகட்டின் அடிப்பக்கத்தில் பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் தெரிய வைத்ததும், ரப்பர் வளையத்துக்கு சிலிக்கான் கிரீஸ் தடவியதும் அவரே செய்தது. இரண்டு மழைக்காலம் தாண்டியும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

நான்காவது இப்போது நிற்பது. அதே ஓட்டை, அதே அடிப்பாகம். அதன் மேல் மூணு நூல் (3/8 இஞ்ச்) மரைக்கு மாற்றுகிற ஒரு அடாப்டர். அதில் ஏற பித்தளைக் குமிழும் ஆறு மீட்டர் பேண்டுக்கான முழுக் கால் அலைக் கம்பியும் வேண்டும் என்று லேத் பட்டறைக்குப் போனேன். மூணு நூலில் நம் ஊரில் சாதாரணமாக வெட்டுகிற மரை இதற்கு ஆகாது. இஞ்சுக்கு 24 மரை, யு.என்.எஃப். என்கிற நுண் மரை. மாஸ்டரிடம் அடாப்டரையே கொடுத்துவிட்டேன். மரை அளவுகோலை வைத்துப் பார்த்து, ஆறு பட்டைப் பித்தளையைக் கடைந்து, மரை வெட்டி, அடாப்டரில் கையாலேயே சுழற்றி இறக்கிக் காட்டினார். ஆட்டம் துளியும் இல்லை. கம்பி மூன்று மில்லி, விறைப்பான ஸ்பிரிங் தரம். அதைப் பற்ற வைத்துவிடலாமா என்றதற்கு, "சூடு வச்சா அந்த இடத்துல விறைப்பு போயிடுங்க, மலை ரோட்டுல ஆடி ஆடி அங்கேயே மடங்கிடும்" என்று சொல்லி, குமிழில் ஒரு இஞ்ச் ஆழம் துளை போட்டு, பக்கவாட்டில் இரண்டு ஆலன் ஸ்குரூ வைத்து இறுக்கினார். நுனிக்கு ஒரு சின்னப் பித்தளை மணி, அதுவும் ஸ்குரூ வைத்துத்தான். யார் கண்ணையும் குத்தாது, மழைத்தூறலில் வருகிற உஸ் சத்தமும் குறையும். பொருள், கூலி எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள் முடிந்தது. வேலை தெரிந்த மனிதரின் கையிலிருந்து வந்த சாமான் என்பது ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் தெரிகிறது.

கேட்பதில் எது உசத்தி என்று தீர்மானிக்க 28.200 மெகாஹெர்ட்ஸை நம்புங்கள். உலகம் முழுக்க 18 பீக்கன் (சோதனை சிக்னல் அனுப்பும்) நிலையங்கள் அந்த ஒரே அலைவரிசையில், ஆளுக்குப் பத்து நொடி வீதம், மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று வருகின்றன. இலங்கையின் 4எஸ்7பி உண்டு, மேற்கு ஆஸ்திரேலியாவின் விகே6ஆர்பிபி உண்டு, கென்யாவின் 5இசட்4பி உண்டு. ஒவ்வொன்றும் மோர்ஸ் ஒலியில் தன் பெயரையும் ஒரு டேஷையும் (நீண்ட ஒலி) 100 வாட்டில் அனுப்பும்; அடுத்த மூன்று டேஷ் 10 வாட், 1 வாட், கடைசியில் வெறும் 0.1 வாட். எத்தனை டேஷ் காதில் விழுகிறது என்று எண்ணினால் போதும், மீட்டரே வேண்டாம்.

ஏற்காட்டின் சேர்வராயன் கோயில் மேட்டில், கரண்ட் லைனிலிருந்து தள்ளி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டேன். ஆஸ்திரேலியா நன்றாக வந்துகொண்டிருந்த காலை அது. பம்பர் விப்பில் மூன்று டேஷ். லேத் கம்பியிலும் மூன்று. 28-க்கு அது மிகவும் குட்டை, மேட்ச் ஆகவே ஆகாது, ரேடியோவின் சிக்னல் மீட்டர் முள் கீழேதான் நின்றது, ஆனாலும் மூன்று. காயில் விப்பிலும் அதே. இந்தப் பேண்டுகளில் வானத்திலிருந்தும் ஊரிலிருந்தும் வருகிற இரைச்சல் ரேடியோவின் சொந்த இரைச்சலைவிட அதிகம். ஆன்டெனா குட்டையானால் சிக்னலோடு அந்த இரைச்சலும் சேர்ந்துதான் குறைகிறது, அதனால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி அப்படியே நிற்கிறது. பிறகு டேஷ்போர்டில் செல்போன் சார்ஜரைச் சொருகினேன். ஒரே ஒரு டேஷ்தான் மிஞ்சியது.

அதனால் ஆன்டெனாவுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது, முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள். வெளியில் வாங்கிப் போட்ட எல்.இ.டி. ஹெட்லைட்டை அணைத்துப் பாருங்கள். பானெட்டையும் சைலன்சர் குழாயையும் சேஸிஸோடு தட்டையான பின்னல் கம்பியால் இணையுங்கள். டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது என்பதே பெரிய வரம். பெட்ரோல் வண்டிக்காரர் இதில் கூடுதலாக மெனக்கெட வேண்டும். விலை உயர்ந்த கேபிளும் வேண்டாம். 50-இல் ஐந்து மீட்டர் ஆர்.ஜி.58 என்கிற சாதாரண கேபிள் சாப்பிடுவது அரை டெசிபல்தான்.

சூரமங்கலத்து நண்பரின் மாடியில் முதலில் படுக்கை வசமாக டைபோல் (இரு கைக் கம்பி ஆன்டெனா) இருந்தது. என் கம்பி நிற்கிறது, அவருடையது படுத்திருக்கிறது. நேர்ப் பார்வையில் இந்த மாறுபாடு மட்டுமே 20 டெசிபல் வரை, நூறில் ஒரு பங்காகக் குறைக்கும். அவர் அதை நிமிர்த்திக் கட்டிய அன்றைக்குத்தான், நான்கில் எதை மாட்டினாலும் பாதி வளைவுகளுக்கு மேல் தெளிவாகக் கேட்க ஆரம்பித்தது.

ஆறு மீட்டர்தான் முக்கியம் என்றால் லேத் கம்பி, கூரை நடுவில். ஓட்டை போட முடியாத கம்பெனி வண்டி என்றால் காயில் விப்பைப் பின்கதவு விளிம்புக் கிளாம்பில் மாட்டுங்கள். கிளாம்பின் ஸ்குரூ பெயின்ட்டைத் தாண்டித் தகட்டைத் தொடுகிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். பத்து மீட்டரில் அனுப்பியே தீருவேன் என்பவர் பம்பர் விப்பை வாங்கி, நிறுத்தின இடத்தில் மட்டும் நிமிர்த்தலாம். சித்திரை, ஐப்பசி இடி மழைக்கு மலைமேல் நிற்கிறீர்கள் என்றால் எந்த ஆன்டெனாவாக இருந்தாலும் கேபிளைக் கழற்றி, கம்பியையும் திருகி எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். குமிழுக்கும் அடாப்டருக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங் வாஷர் போடச் சொன்னார் லேத் மாஸ்டர். அதையும் மறக்க வேண்டாம்.