அக்குவாவா, ஃபிட்டா? கொழும்பு வீதிகளில் இரு ஹைபிரிட் கார்கள்

எங்களிடம் இருப்பது டொயோட்டா அக்குவா. அண்ணனின் ஹொண்டா ஃபிட் ஹைபிரிட்டையும் நான் அடிக்கடி ஓட்டுகிறேன். இரண்டிலும் 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சின்தான் என்றாலும், வலு சக்கரங்களைச் சென்றடையும் வழி வேறு. அக்குவாவில், நடுப் பற்சக்கரத்தைச் சுற்றிச் சிறு பற்சக்கரங்கள் சுழலும் கோள்பற்சக்கரத் தொகுதியே எஞ்சினையும் மின்மோட்டாரையும் இணைப்பதால், மாலை நெரிசலில் காலி வீதியில் வெள்ளவத்தைச் சந்தையருகே வாகனங்கள் ஊரும்போது அது குலுக்கலின்றி நகர்கிறது. 2013இல் அறிமுகமான அந்த ஃபிட்டில் இருப்பது இரு கிளட்ச்கள் மாறிமாறி இயங்கித் தானாகவே கியர் மாற்றும், ஏழு கியர் கொண்ட இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி. கட்டுநாயக்க அதிவேக வீதியில் அது தரும் உற்சாகம் அக்குவாவில் கிடையாது. ஆயினும் ஊர்ந்து செல்கையில், எண்ணெயில் மூழ்காத அந்த உலர் கிளட்ச் சூடேறக்கூடும் என்பதால், நகருக்குள் மட்டும் ஓடும் குடும்பத்துக்கு நான் அக்குவாவையே சொல்வேன்.

இடவசதியில் ஃபிட்டே மேல். எரிபொருள் தாங்கி முன்னிருக்கைகளின் கீழ் இருப்பதால், பின்னிருக்கையின் அடிப்பகுதியை மேலே மடித்துவிட்டு, செட்டியார் தெருவில் வாங்கிய குத்துவிளக்கை நிமிர்த்தியபடியே கொண்டுவரலாம். அக்குவாவின் பின்னிருக்கையிலோ உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும். அதன் ஹைபிரிட் பற்றரியும் அந்த இருக்கையின் கீழேதான் உள்ளது. ஆகவே அந்தப் பற்றரியைக் குளிர்விக்க, பக்கத்திலுள்ள காற்றுத் துவாரத்தைப் பைகளால் மறைக்காமல், அதில் படியும் தூசியை ஒவ்வொரு சேர்விஸின்போதும் அகற்றச் சொல்வது அவசியம்.