கிளவுட்ஃபிளேர் 1.1.1.3: வீட்டு வைஃபைக்கு ஒரு வடிகட்டி

பிள்ளைகளின் ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாக ஆப் போட்டுக் காவல் காக்கப் பொறுமை இல்லையா, இதைப் பாருங்கள். 2020 ஏப்ரலில் கிளவுட்ஃபிளேர் என்ற இணைய நிறுவனம் வெளியிட்ட இலவச டிஎன்எஸ் (தளத்தின் பெயரை அதன் இணைய எண்ணாக மாற்றித் தரும்) சேவை இது. கணக்கு தொடங்க வேண்டாம், எதையும் நிறுவ வேண்டாம், ரவுட்டர் செட்டிங்ஸில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3, அதற்கடுத்த பெட்டியில் 1.0.0.3 என்று போட்டுச் சேமித்தால் அந்த வைஃபையில் இருக்கும் போன், டேப்லெட், டிவி எல்லாவற்றிலும் ஆபாசத் தளங்களும் வைரஸ் பரப்பும் தளங்களும் பெரும்பாலும் திறக்காது. (1.1.1.2 என்று போட்டுவிடாதீர்கள், அது வைரஸ் தளங்களை மட்டும்தான் தடுக்கும்.) உங்கள் இணைப்பில் ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி முறை) இருந்தால் அதற்குத் தனி முகவரி உண்டு, அதையும் போட வேண்டும்.

சரி, எங்கே உதைக்கிறது? இது பார்ப்பது தளத்தின் பெயரை மட்டும்தான். யூடியூபுக்குள் பிள்ளை எந்த வீடியோ பார்க்கிறது, கேம் சாட்டில் முன்பின் தெரியாத யார் பேச்சுக் கொடுக்கிறார் என்பதெல்லாம் இதற்குத் தெரியவே தெரியாது, எனக்கு அதுதான் பெரிய கவலை. அப்புறம், மொபைல் டேட்டாவுக்கு மாறினாலோ விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஆப்) போட்டாலோ வடிகட்டி போச்சு. விவரமான பதின்வயதுப் பிள்ளைக்கு இரண்டு நிமிட வேலை.

பள்ளிக் கணினி அறைக்கு ஓரளவு பொருந்தும், செட்டிங்ஸை மாற்ற முடியாதபடி பூட்டி வைத்தால். வகுப்புக்கு ஒரு விதி என்று வைக்க இதில் வழி இல்லை. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் தாராளமாகப் போடலாம்; நேரக் கட்டுப்பாடும் வேண்டுமென்றால் கூடவே கூகுள் ஃபேமிலி லிங்க் மாதிரி பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப் ஒன்று தேவைப்படும்.