நீல டிக்கும் தேத்தண்ணிக் கடையும்: மலையகத்தில் துணை தேட எது தோது?

போன மாதம் சித்தி மகள் ஹட்டனிலிருந்து போன் எடுத்தாள். "அக்கா, எதுல போடட்டும்? ஆப்புலயா, மேட்ரிமோனிலயா? அம்மா அதுக்குள்ள புரோக்கர்கிட்ட படத்தக் குடுத்துட்டாங்க."

மூன்றிலும் காலை விட்டவள் நான். டேட்டிங் செயலியில் ஐந்து மாதம், திருமணத் தளத்தில் பதினொரு மாதம், நடுவில் அம்மா பிடித்து வந்த இரண்டு தரகர்கள். கல்யாணம் கூடிவந்தது தளத்தின் வழியாகத்தான். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலையான தீர்ப்பு வேண்டுமென்றால் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் யாரையாவது கேட்க வேண்டும்.

தரகர் கதையைச் சுருக்கமாக முடிக்கலாம். ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் படங்கள், சாதகக் குறிப்புகள். முதல் கேள்வி "நீங்க என்ன ஆளுக?" இரண்டாவது கேள்வி சம்பளம். மூன்றாவது கேள்வி கிடையாது. ஊர் ஊராக நடந்து திரிகிறவர் என்பதால் இரு வீட்டையும் அவருக்குத் தெரியும், அது பெரிய வசதிதான். ஆனால் கல்யாணம் முடிந்தால்தான் அவருக்குக் காசு. அதுவும் இரண்டு பக்கத்திலிருந்தும். அப்படிப்பட்டவர் கல்யாணத்தைக் கெடுக்கும் ஒரு சேதியை வாயைத் திறந்து சொல்வாரா? "கொழும்புல கம்பனி வேலை" என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடை. கடையும் கம்பனிதானே என்றார், விட்டுவிட்டோம். ஞாயிறு வீரகேசரியில் 'மணமகன் தேவை' போடுவது இன்னொரு வழி. எங்கள் பாடசாலையில் மூத்த ஆசிரியை ஒருவருக்கு அப்படித்தான் அமைந்தது. நான் போட்டுப் பார்க்கவில்லை.

இனி செயலி. டிண்டர் 2012இல் வந்தது, பம்பிள் 2014இல். இரண்டும் பெரிய நகரங்களை மனதில் வைத்துச் செய்தவை. அது நம் மலையில் தெரிந்துவிடும், முதலில் தூரக் கணக்கில். செயலி தூரத்தைக் காக்கை பறக்கிற வழியில் அளக்கிறது. நான் பொகவந்தலாவைக்காரி, என் கணவர் ஹப்புத்தளைப் பக்கம். அவரும் செயலியில் இருந்திருந்தால் ஏறக்குறைய 30 கிலோமீற்றர் என்று காட்டியிருக்கும். நடுவில் ஹோர்ட்டன் சமவெளியின் மலைச்சுவர் நிற்பது அதற்குத் தெரியாது. ஹட்டன், நுவரெலியா, வெலிமடை என்று பஸ் மாறி மாறிச் சுற்றி வந்தால் நூறைத் தாண்டும், ஒரு பகல் போய்விடும். டிண்டரில் தூரத்தை அதிகபட்சம் 161 கிலோமீற்றர் வரை கூட்டலாம். ஹட்டனில் நின்று அந்த அளவுக்குக் கூட்டினால் கொழும்பு முழுவதும் உள்ளே வந்து விழும். குறைத்தால் நமக்குத் தெரிந்த நாலு முகம், அதில் ஒருவர் நம்மிடம் சாதாரணதரம் படித்த பிள்ளையின் அண்ணனாக இருப்பார். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியா பக்கம் செயலியைத் திறந்தால் திடீரென்று ஆள் பெருகும். சித்திரை வருசம் முடிந்து வாகனங்கள் இறங்கியதும் அத்தனை பேரும் காணாமல் போவார்கள். எல்ல பக்கத்துக் கதையும் இதுதான், அங்கே வெள்ளைக்காரர்கள் கூடுதல்.

பம்பிளில் பொருத்தம் விழுந்தால் பெண்தான் முதலில் எழுத வேண்டும், 24 மணி நேரத்துக்குள். பெண்ணுக்கு இதில் ஒரு காப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. 2024 ஏப்ரலில் அந்த விதியையும் தளர்த்தினார்கள். பெண் ஒரு கேள்வியைப் போட்டு வைத்தால் போதும், ஆண் அதற்குப் பதில் எழுதித் தொடங்கலாம். ஆனால் எங்கள் தோட்டத்து மேல்கணக்கில், அதாவது மேல் பிரிவில், சிக்னல் வேண்டுமென்றால் ஸ்டோர் மேட்டுக்குப் போக வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் 24 மணி நேரம் எம்மாத்திரம்.

இந்தக் கம்பனிகளே இப்போது தடுமாறித்தான் நிற்கின்றன. பம்பிள் 2021 பெப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்தபோது ஒரு பங்கு 43 டொலர். 2024இல் பத்து டொலருக்கும் கீழே விழுந்தது. 2025 ஜூனில் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினரை, சுமார் 240 பேரை, குறைப்பதாக அறிவித்தது. டிண்டரையும் ஹிஞ்சையும் வைத்திருக்கும் மேட்ச் குரூப் அதே ஆண்டு மே மாதம் 13 சதவீதம் பேரைக் குறைப்பதாகச் சொன்னது. டிண்டரில் காசு கட்டுவோர் தொகை சில ஆண்டுகளாக இறங்குமுகம்தான். விரலால் தள்ளித் தள்ளி ஆட்கள் அலுத்துவிட்டார்கள். அதனால் இப்போது எல்லாரும் விற்கப் பார்ப்பது நம்பிக்கையை. 2025 ஜூனில் டிண்டர் கலிபோர்னியாவில் முகப் பரிசோதனையைக் கட்டாயமாக்கி, பிறகு வேறு இடங்களுக்கும் அதைக் கொண்டுபோனது. புதிதாகச் சேர்கிறவர் தன் முகத்தைச் சிறு வீடியோவாக எடுத்துக் கொடுக்க வேண்டும். படத்தில் இருப்பவரும் இவரும் ஒருவரா, இதே முகத்தில் வேறு கணக்குகள் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் நான் பட்டது, இப்படி முகம் சரிபார்த்த கணக்குக்குப் போடுகிற அந்த நீல டிக்கிடம்தான்.

எந்தச் செயலி என்று சொல்லத் தேவையில்லை, அதன் மேல் பிழையும் இல்லை. அவர் படம் அவருடையதுதான். பெயரும் உண்மை, நுவரெலியாவில் ஹோட்டல் வேலை என்பதும் உண்மை. டிக் பொய் சொல்லவில்லை. ஆறு வாரம் பேசினோம். "சொந்த ஊர் புசல்லாவ பக்கம்" என்பார். எந்தத் தோட்டம் என்றால் பேச்சை மாற்றுவார். லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்ததைச் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன். அந்தக் கூச்சம் எனக்கும் இருந்ததுதானே. ஒருநாள் ஆசிரியர் அறையில் புசல்லாவைக்காரி ஒருத்தியிடம் சும்மா பெயரைச் சொன்னேன். அவருக்குப் பரிசம் போட்டு, தையில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். செயலிக்கு ஆறு வாரமாகத் தெரியாதது, ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் தெரிந்துவிட்டது.

என் சாய்வுக்குக் காரணம் இந்த விசாரிப்புதான். முகம் படத்தோடு பொருந்துகிறதா என்று இயந்திரம் பார்த்துவிடும். பரிசம் போட்டாயிற்றா, குடிக்கிறாரா, போன வேலையை ஏன் விட்டார், அம்மாவைக் கவனிக்கிறாரா, இதையெல்லாம் பார்க்கிற இயந்திரம் சந்திக் கடையில் இருக்கிறது. அமெரிக்காவில் இதையே செயலியாகச் செய்து பார்த்தார்கள். பெண்கள் தாங்கள் பழகிய ஆண்களைப் பற்றி ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொள்ளும் இடம். பெயர் என்ன தெரியுமா, டீ! ஊர்வம்புக்கு அங்கே கொச்சையில் அப்படிச் சொல்வார்களாம். தேயிலை நாட்டுக்காரிக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும். சேர்கிற பெண்ணிடம் அடையாளச் சான்றாகச் செல்பி கேட்டார்கள். 2025 ஜூலையில் அங்கிருந்து சுமார் 72,000 படங்கள் கசிந்தன. அதில் 13,000 அளவில் செல்பிகளும் அடையாள அட்டைப் படங்களும். நம் சந்திக் கடையிலும் சேதி கசியும், கசியாத நாளே இல்லை. ஆனால் அடையாள அட்டையை யாரும் கேட்பதில்லை.

மோசடியைப் பற்றியும் ஒரு வரி. வெளிநாட்டுக் காதலன் அனுப்பிய பரிசுப் பார்சல் சுங்கத்தில் சிக்கிவிட்டது, எடுக்கக் காசு கட்டு என்கிற வித்தை நாட்டில் எல்லாருக்கும் தெரியும், இன்னும் ஆள் விழுகிறது. எங்கோ தூரத்தில் உட்கார்ந்து செய்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2024 ஒக்டோபரில் கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் ஒரு ஹோட்டலில் இணைய நிதி மோசடிச் சந்தேகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சீனர்களைப் பொலிசார் கைது செய்தபோதுதான் அந்த நினைப்புப் போனது. அந்தப் பக்கம் நம் ஆட்களும் மாட்டியிருக்கிறார்கள். வேலை என்று சொல்லி மியன்மாரின் மியாவாடிக்குக் கொண்டுபோய் இணைய மோசடி வேலையில் அடைத்து வைத்திருந்த இலங்கை இளைஞர்களை மீட்டு வந்தது செய்திகளில் வந்ததே. நம்மிடம் இனிக்க இனிக்கப் பேசுவது அப்படி ஒரு அடிமையாகக்கூட இருக்கலாம்.

சரி, திருமணத் தளம். அதிலும் எரிச்சலுக்குக் குறைவில்லை. நான் சேர்ந்தது ஓர் இந்தியத் தளம். விண்ணப்பம் நமக்குத் தைத்த சட்டை இல்லை. 'சொந்த வீடா, வாடகை வீடா' என்று ஒரு கேள்வி. மூன்று தலைமுறையாக இருக்கும் லயத்துக் காம்பராவை எதில் போடுவது? காணி நம்முடையது இல்லை, வாடகையும் கட்டவில்லை. நான் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். 'உங்கள் விவரம் முழுமையடையவில்லை' என்று பதினொரு மாதமும் அது என்னை நச்சரித்தது. சாதிக் கட்டம் இன்னொன்று. தரகர் வாயால் கேட்டதைத் தளம் பட்டியலாகக் கேட்கிறது, அவ்வளவே வித்தியாசம். 'தடையில்லை' என்று தெரிவு செய்தேன், வருகிற அழைப்புகள் பாதியாகக் குறைந்ததாக எனக்குப் பட்டது. காசு கட்டினால்தான் எதிராளியின் இலக்கம் தெரியும். நான் கட்டிய மூன்று மாதச் சந்தா, கொழுந்தெடுக்கும் பெரியம்மாவின் பத்து நாள் பேருக்கு, அதாவது பத்து நாள் கூலிக்கு, குறையாது. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்த பிறகான கணக்கில் சொல்கிறேன். சந்தா முடியப்போகிற வாரம் சேவை நிலையத்திலிருந்து ஒரு பெண் நாளைக்கு இரண்டு தடவை எடுப்பாள். வகுப்பில் நிற்கும்போதுதான் எடுப்பாள்.

இந்தத் தளங்களும் பெரிய கம்பனிகளின் பிடியில்தான். 2024 மார்ச் முதலாம் திகதி, கட்டணத் தகராறில் பாரத் மேட்ரிமோனி, ஷாதி உட்பட இந்தியக் கம்பனிகள் சிலவற்றின் செயலிகளைக் கூகிள் தன் கடையிலிருந்தே தூக்கியது. சில நாட்களில் திரும்ப வைத்தார்கள். கல்யாணத் தரகருக்கும் மேலே ஒரு தரகர்!

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம், அங்கே ஊரைக் கேட்பது தப்பில்லை. டேட்டிங் செயலியில் மூன்றாம் நாளே "எந்தத் தோட்டம், எந்தக் கணக்கு?" என்று கேட்டால் பொலிஸ்காரி மாதிரி ஆகிவிடும். தளத்தில் அது முதல் அழைப்பிலேயே வருகிற கேள்வி. பதில் வந்துவிட்டால் மீதியை மனிதர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஹப்புத்தளைக்காரர் தோட்டத்தின் பெயரைச் சொன்ன அன்றைக்கே சித்தப்பா பண்டாரவளை பஸ் நடத்துனர் ஒருவரைப் பிடித்தார். மூன்று நாளில் அறிக்கை வந்தது: பிள்ளை நல்லது, கடன் கொஞ்சம், அப்பாவின் வைத்தியச் செலவில் வந்தது. கடனைப் பற்றி அவர் எனக்கு முந்தின வாரமே சொல்லியிருந்தார். இரண்டும் ஒத்துப்போன அந்த இடத்தில்தான் எனக்கு மனம் இறங்கியது. நீல டிக் என்றால் இதல்லவா.

விசாரிப்பு ஒரு பக்கம் மட்டும் ஓடாது. அவருடைய மாமா அவ்வளவு தூரம் பஸ் மாறி வந்து எங்கள் சந்திக் கடையில் பிளேன் டீ கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டுக் கடன் கொப்பி இருக்கும் கடை அது. அவர் டீயைக் குடித்து முடிக்குமுன் கடைக்கார அக்கா அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டார். "தங்கமான புள்ள, வாய்தான் கொஞ்சம்" என்று அக்கா சொன்ன சான்றிதழை மாமா கல்யாண வீட்டில் எல்லாருக்கும் நடித்துக் காட்டினார்.

இதே கடை இன்னொரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். யாரோ ஒரு பையனோடு ஹட்டன் பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தாள் என்கிற ஒரே சேதி போதுமாக இருந்தது. விசாரிப்பு உண்மையை மட்டும் கொண்டுவருவதில்லை, சாதியையும் வன்மத்தையும் சேர்த்தே சுமந்து வரும். கடையில் கேட்டதை எதிராளியிடமே நேரில் கேட்டு ஒத்துப்பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று தங்கச்சிக்குச் சொன்னேன்.

என் அனுபவம் எட்டாத இடங்களும் உண்டு. செயலிகளில் காசு கட்டி வாங்கும் வசதிகளை நான் தொட்டதில்லை, இலவசத்தில் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன். மறுமணம் தேடுகிறவர்களுக்குத் தரகர் எப்படி, தளம் எப்படி என்று என்னால் சொல்ல முடியாது. தன்பாலினத் துணை தேடுகிறவர்களுக்கு என் தீர்ப்பு அப்படியே தலைகீழ். தன்பாலின உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் இருக்கிற நாட்டில், நான் இவ்வளவு புகழ்ந்த சந்திக் கடைதான் அவர்களுக்கு ஆபத்து. எந்தத் தோட்டம் என்று கேட்காத செயலிதான் அவர்களுக்குக் கதவு.

கல்யாண எண்ணமே இல்லாமல் நாலு பேரோடு பேசிப் பார்க்க வேண்டுமென்றாலும் செயலிதான், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அந்த ஐந்து மாதத்தில்தான் முன்பின் தெரியாத ஆணோடு தடுமாறாமல் பேசப் பழகினேன். பிறகு தளத்தில் வந்த அழைப்புகளில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சம்பளத்தையும் குடியையும் நேருக்கு நேர் கேட்க முடிந்தது.

தங்கச்சிக்கு நான் சொன்னவை: தளத்துக்கென்று தனி சிம். விவரத்தில் ஊர் வரைக்கும் போடு, தோட்டத்தையும் கணக்கையும் இரண்டாம் அழைப்பில் சொல். அவர் தன்னுடையதைச் சொல்லாவிட்டால் மூன்றாம் அழைப்பு வேண்டாம். முதல் சந்திப்பு ஹட்டனில் பகலில், நாலு பேர் நடமாடும் இடத்தில். கடைசி பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போ.

எல்லாவற்றையும் "ம்ம்" போட்டுக் கேட்டாள். போன வாரம் பேசும்போது இரண்டிலும் கணக்குத் திறந்துவிட்டதாகச் சொன்னாள். சித்திக்குத் தெரிந்தது ஒன்று மட்டும்.