டிரெய்லர் தளம்: வேங்கைப் பலகையா, இரும்புத் தகடா?

வாடிப்பட்டிக்கு மேற்கே எங்கள் தோப்பில் இரண்டு டிராக்டர் டிரெய்லர்கள் ஒரே கொட்டகையில் நிற்கின்றன. இரண்டும் பத்தடி நீளம், ஆறடி அகலம், ஒற்றை அச்சு. என்னுடையதற்கு ஒன்றேகால் அங்குல வேங்கைப் பலகைத் தளம். மைத்துனருடையது, சரக்கைச் சாய்த்துக் கொட்ட ஜாக்கி வைத்த டிப்பர், 4 மி.மீ. இரும்புத் தகடு. ஆறு ஆண்டுகளாக ஒரே தோப்பின் தேங்காயையும், ஒரே வயலின் நெல்மூட்டையையும், ஒரே தொழுவத்தின் எருவையும் இரண்டும் சுமந்து வருவதால், இவற்றை ஒப்பிடுவதற்கு நான் எங்கும் போக வேண்டியதில்லை.

மரத் தளம் என்றால் கனம் மிகக் குறையும் என்ற எண்ணம் ஊரில் பரவலாக உண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 4 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 31 கிலோவுக்குச் சற்று மேல். அறுபது சதுர அடிக்குச் சுமார் 175 கிலோ. அதே பரப்புக்கு நன்கு காய்ந்த வேங்கை ஏறத்தாழ 140 கிலோ வரும். வித்தியாசம் பாதி நெல்மூட்டைதான். அதற்காக மரத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஏமாந்துபோவார்.

உண்மையான வேறுபாடு விறைப்பில் இருக்கிறது. ஒரே தடிமனில் வைத்துப் பார்த்தால் இரும்பு வேங்கையைவிடப் பதினாறு பதினேழு மடங்கு விறைப்பானதுதான். ஆனால் தளம் வளையாமல் நிற்பது தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதால், தகட்டைவிட எட்டு மடங்கு தடித்த பலகை, இரண்டு குறுக்குச் சட்டங்களுக்கு நடுவில், ஏறத்தாழ முப்பது மடங்கு விறைப்பாக நிற்கிறது. மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரையோ, சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புக் கேஜ் வீலையோ ஏற்றும்போது இதைக் கண்ணால் காணலாம். பலகையில் பல் பதிந்த வடு விழும், அவ்வளவே. தகட்டில் குழி விழும். அந்தக் குழியில் ஐப்பசி மழை தேங்கும். மேலே எருவும் யூரியாத் தூளும் சேர்ந்தால் அடுத்த ஆண்டே துருப் பொருக்கு கிளம்பும். தகடு கெட்டதென்று இதற்குப் பெயரில்லை. 4 மி.மீ. தகட்டுக்கு அடியில் ஓரடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்திருக்க வேண்டும். பட்டறையில் இரண்டடிக்கு ஒன்று வைத்துவிட்டார்கள். என் பலகைக்கு அந்த இரண்டடி போதும்.

பலகைக்கு வேறு வகையான கோபம் உண்டு. எனக்கு முதலில் போட்டுக் கொடுத்தவை பச்சை மரம். ஆடியில் இடுக்கின்றி நெருக்கி அடித்தவை பங்குனி வெயிலில் சுருங்கி விரல் நுழையும் அளவுக்கு விலகிவிட்டன. அந்த அறுவடையில் களத்திலிருந்து வீடு வரை சாலையில் நெல் கோடு போட்டது. தெருக்கோழிகளுக்கு அது பொங்கல். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: காய்ந்த பலகையைக் கோடையில் இடைவெளியின்றிப் பூட்டினால், மழைக்காலத்தில் ஊதி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நடுவில் மேடு தட்டும். நன்கு காய்ந்த பலகைகளுக்கிடையே கால் அங்குலம் விட்டு, உதிரி தானியம் ஏற்றும்போது தார்ப்பாய் விரிப்பதே சரி. வைரம் பாய்ந்த பகுதி மட்டும் இருக்கட்டும். ஓரத்து வெள்ளையைச் சேர்த்து அறுத்துக் கொடுத்தால் கறையானும் வண்டும் அங்கிருந்துதான் தொடங்கும். முதல் மழையில் வேங்கைச் சாயம் கசிந்து வெள்ளைச் சாக்குகளில் மஞ்சள் கறை பிடிக்கும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. கறையானுக்குப் பயந்து கழிவு ஆயில் பூசுகிறவர்கள், அதே தளத்தில் உணவுத் தானியம் ஏற்றுவதை மறந்துவிடுகிறார்கள். வைரம் பாய்ந்த பலகைக்கு ஆளிவிதை எண்ணெய் போதுமானது.

மண், மணல், எரு ஆகியவற்றைக் கொட்டும் வேலைக்குப் பலகை ஒத்துவராது. தகட்டில் சரக்கு வழுக்கி இறங்குகிறது. பலகை பிடித்து நிறுத்துகிறது, மிச்சத்தை மண்வெட்டியால் இழுக்கும்போது சிராய் பெயர்கிறது. இதில் மைத்துனர் பக்கமே நியாயம். சித்திரை வெயிலில் அவர் வண்டியின் மேல் வெறுங்காலோடு ஆள் ஏற மாட்டார்கள் என்பது மட்டும் என் பங்குக்குச் சொல்லத்தக்கது.

ஆனால் விலை பேசுகிறவர்கள் தளத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வண்டியின் ஆயுள் அதற்குக் கீழே இருக்கிறது. குனிந்து பார்க்க வேண்டும். நெடுஞ்சட்டம் 100க்கு 50 மி.மீ. சி-சானல் என்றால் மீட்டருக்குச் சுமார் ஒன்பதரை கிலோ வரும். அதே உயரத்தில் மெல்லிய தகட்டை மடித்துச் செய்த சட்டம், சாயம் பூசியபின், பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். வண்டியை எடைமேடையில் ஏற்றினால் இந்தக் குட்டு உடைந்துவிடும். அடுத்து வெல்டிங்: குறுக்குச் சட்டம் நெடுஞ்சட்டத்தைத் தொடும் இடத்திலும், கொக்கி பூட்டும் முன்தண்டு சேரும் இடத்திலும் முழு நீளத்துக்கும் பற்று ஓடியிருக்க வேண்டும். தகட்டுத் தளத்தைச் சட்டத்தோடு விட்டுவிட்டுப் பற்ற வைத்திருந்தால், இடைப்பட்ட இடுக்கில் ஈரம் புகுந்து, மேலிருந்து தெரியாமலே துரு தின்னும். பலகைத் தளத்திலும் அந்த இடுக்கு உண்டு. ஆனால் போல்ட்டைக் கழற்றிப் பலகையைத் தூக்கிவிட்டு, சட்டத்தைச் சுரண்டித் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச முடியும். நான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதைச் செய்கிறேன்.

போன கோடையில் என் தளத்தில் இரண்டு பலகைகள் ஓரம் இற்றுப்போயின. உள்ளூர் ஆசாரி ஸ்பேனரோடு வந்து அரை நாளில் மாற்றிவிட்டார். மைத்துனரின் தகட்டில் ஒட்டுப் போட டிரெய்லரைப் பட்டறைக்கு இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது. ஒட்டின் விளிம்பில் இப்போது மண்வெட்டி தட்டுகிறது. அடுத்த பங்குனிக்குள் முழுத் தளத்தையும் மாற்றிவிடலாம் என்று 5 மி.மீ. தகடும், ஓரடிக்கு ஒரு சட்டமும் கேட்டிருக்கிறார். ஜாக்கியைக் கைவிட அவருக்கு மனமில்லை, நானும் வற்புறுத்தவில்லை.