ஓவியக்கூடத்துக்குப் பன்னிரண்டும் வேண்டாம்: ஃபேபர்-காஸ்டெல் 9000 ஆர்ட் செட்

ஓவியங்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் பெரும்பாலான ஓவியக்கூடங்களில் பெயின்ட், மை, சார்கோல் எதையும் எடுக்க விடமாட்டார்கள், பென்சில் மட்டும்தான். பார்த்த படத்திலிருந்து தன் வேலைக்கு எதையாவது எடுத்துவர நினைக்கும் மாணவருக்கு, கையில் இருக்கும் பென்சில்தான் எல்லாம். 1905 முதல் விற்பனையில் இருக்கும் ஃபேபர்-காஸ்டெல் 9000 பென்சில் இதற்கு நம்பி வாங்கக்கூடியது. ஆனால் 8பி முதல் 2எச் வரை (பி மென்மை, அதிகக் கருப்பு; எச் கடினம், வெளிர்; எச்பி, எஃப் நடுவில்) பன்னிரண்டு கிரேடு உள்ள ஆர்ட் செட்டை, தகர டப்பாவோடு அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நின்றபடி வரையும்போது ஒரு கையில் ஸ்கெட்ச் புக், மறு கையில் பென்சில். டப்பாவைத் திறக்கக் கை ஏது?

எச்பி, 2பி, 6பி மூன்றும் போதும். எஃப்புக்கும் எச்பிக்கும் உள்ள வித்தியாசம் மேஜையில் உட்கார்ந்து வரைந்தால் தெரியும். நின்றபடி போடும் சின்னப் படத்தில் தெரியாது. 8பி நல்ல கருப்புதான், ஆனால் முனை சீக்கிரம் மழுங்கும், எதிர்ப்பக்கத்திலும் அப்பிக்கொள்ளும். வெளிச்சத்தையும் கணக்கில் வையுங்கள். காகிதத்தில் வரைந்த படங்கள் உள்ள அறைகளில், நிறம் வெளுக்காமலிருக்க 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குத்தான் விளக்கு வைப்பார்கள். ஆயில் ஓவியங்களுக்குச் சுமார் 200 லக்ஸ் இருக்கும். அந்த 50 லக்ஸில் அடுத்தடுத்த கிரேடுகள் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். இடைவெளி விட்டு எடுப்பது அதனால்தான்.

இந்த மங்கலில் இன்னொரு தொல்லை: பென்சில்கள் எல்லாமே ஒரே கரும்பச்சை, கிரேடு சின்னப் பொன்னிற எழுத்தில். 2பிக்கு ஒரு சுற்று, 6பிக்கு இரண்டு சுற்று டேப் ஒட்டிவிட்டால் விரலே அடையாளம் சொல்லிவிடும்.

பென்சிலின் உள்ளே இருக்கும் லெட் மரத்தோடு இறுக ஒட்டியிருப்பதால் சீவும்போது உடைவது குறைவு. ஆனாலும் கல் தரையில் விழுந்தால் உள்ளேயே விரிசல் விடும். பிறகு சீவச் சீவ முனை கழன்று விழும். பிளேடை உள்ளே விடமாட்டார்கள், எனவே வீட்டிலேயே சீவிக்கொண்டு, தூள் சிந்தாத டப்பா ஷார்ப்னர் ஒன்றைப் பையில் போடுங்கள். அழிக்க, மாவுபோலப் பிசையக்கூடிய, துகள் விழாத நீடட் இரேசர்.

இந்த மூன்று பென்சிலால் என்ன எடுத்துவரலாம்? ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே புகைப்படம் எடுக்க முடியாது. ஓவியம் 318 செ.மீ. உயரம், 276 செ.மீ. அகலம், அதே விகிதத்தில் 7.5க்கு 6.5 செ.மீ. கட்டம் எச்பியால் போடுங்கள். முகம், உடை எதையும் தொடாமல் குறுக்கே நடுக்கோடு மட்டும் இழுங்கள். ஆட்கள் எல்லோரும் ஏறக்குறைய கீழ்ப்பாதியிலேயே அடங்கிவிடுகிறார்கள். மேல்பாதி முழுக்க இருண்ட சுவரும் கூரையும்தான். அதை 6பியால் நிரப்புங்கள், நடுத்தர நிழலுக்கு 2பி. நடுவில் நிற்கும் சிறுமியான இளவரசியின் உடையும் பின்னால் திறந்திருக்கும் கதவும் வெறும் காகிதமாகவே நிற்கட்டும். பத்து நிமிட வேலை. அவ்வளவு பெரிய வெற்றிடம் அந்தச் சிறுமியை எப்படித் தூக்கிக் காட்டுகிறது என்பது, உங்கள் கையே இருட்டை நிரப்பும்போது பிடிபடும். வீட்டுக்கு வந்து அதே கட்டத்தில் உங்கள் சமையலறையையோ படிக்கட்டையோ பொருத்திப் பாருங்கள். ஒரு படத்திலிருந்து உந்துதல் பெறுவது என்றால் இதுதான். முகத்தைக் காப்பியடித்து வந்தால் கிடைப்பது பிரதி மட்டும்.

குறை என்றால் பளபளப்பு. 6பியை அழுத்தித் தேய்த்தால் கிராஃபைட் வெள்ளிபோல மின்னும். பக்கத்தைப் படம் பிடித்தால் அடர் கருப்பு சாம்பலாக வரும். இது எல்லா கிராஃபைட் பென்சிலுக்கும் உள்ளதுதான். அழுத்தாமல் கோட்டின்மேல் கோடாக மூன்று நான்கு தடவை ஏற்றினால் குறையும். மின்னவே கூடாதென்றால் கார்பன் அதிகமுள்ள ஸ்டெட்லர் மார்ஸ் லூமோகிராஃப் பிளாக் பென்சில் இருக்கிறது. ஆனால் அது அவ்வளவு சுத்தமாக அழியாது, அழுத்திய கிராஃபைட்டின்மேல் சரியாகப் பிடிக்கவும் செய்யாது.

காகிதம் ஏ5 அளவில், 120 முதல் 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில்), லேசான சொரசொரப்போடு இருக்கட்டும். வழவழ காகிதத்தில் 6பி வழுக்கும். பக்கங்களுக்கிடையே பட்டர் பேப்பர் வையுங்கள். பென்சில்கள் ஒற்றையாகவும் கிடைப்பதால், முதலில் தீரும் 6பியை மட்டும் கூடுதலாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.